வேலி ஓணானும் ஏழு சென்ட் புரையிடமும்: ஒரு வீட்டுத் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

ஏழு சென்ட் புரையிடத்தில், அதாவது வீட்டு மனையில், வீடு போக மிஞ்சியது இரண்டரை சென்ட். சதுர அடிக் கணக்கில் ஏறத்தாழ 1,090. அதில் காய்கறித் தோட்டம் போடுவது என்று 2022 பிப்ரவரியில் முடிவெடுத்தோம். அம்மாவுக்கு அப்போது 71 வயது, எனக்கு 46. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனால் முதல் நாளே ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: நட்டது, செலவு, செத்தது. மூன்றாவது கட்டம்தான் சீக்கிரம் நிறைந்தது. அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு நாகர்கோவிலுக்கு வடகிழக்கே, தோவாளைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நெல்லுக்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இங்கே தனிப் பெயர்கள். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு வேதவாக்கு. எங்கள் தெருவில் ஆடி என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடும் காற்றும், கூடவே வரும் சாரலும்தான். இதை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். ஆனாலும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் காணொளியைப் பார்த்துத்தான் நடவு அட்டவணை போட்டேன்.

மண்ணுக்குள் ஒரு வீடு

தோட்டத்தின் கதை 2017 நவம்பர் 30 அன்று தொடங்குகிறது. ஒக்கி புயல் கடந்து போன நாள் அது. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டின் மேல் கிழக்குப் பக்கத்துத் தென்னை விழுந்து பாதிக் கூரையைக் கொண்டுபோயிற்று. இரண்டு வருடம் தார்ப்பாய் போட்டுச் சமாளித்தோம். 2020 தொடக்கத்தில் இடித்துவிட்டுப் புது வீடு கட்டத் தொடங்கினோம். இடித்த கட்டடக் கழிவை அள்ளிப்போக லோடு ஒன்றுக்கு இவ்வளவு என்று கேட்டார்கள். பின்பக்கம் பள்ளமாகத்தானே கிடக்கிறது, அதிலேயே போட்டு நிரவிவிடுங்கள் என்று சொன்னவன் நான். ஒன்பது லோடு கழிவு, அதன் மேல் கண் துடைப்புக்கு முக்கால் அடி செம்மண். செலவை மிச்சம் பிடித்த பெருமையில் அன்று எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்ததும் நினைவில் இருக்கிறது.

தாத்தாவின் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. 1990களில் நாங்கள் சேர்த்த அறை சிமென்டில். இரண்டும் மண்ணுக்கடியில் சேர்ந்து கிடந்தன, இரண்டுமே காரத்தன்மை கொண்டவை. அதன் மேல் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் வைத்தோம், மூலையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. ஏப்ரலில் கொழுந்து இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக, வலை போட்டாற்போல் தெரிந்தது.

அம்மாவைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

“மண் புளித்துப் போயிருக்கிறது மக்களே. கொஞ்சம் சுண்ணாம்பு போடு.”

அம்மா பிறந்தது குலசேகரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். ரப்பரும் நல்லமிளகும் விளையும் மண். ஓயாமல் பெய்யும் மழை அங்கே மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக் கொண்டுபோய்விடும், மண் அமிலமாகும். அவளுடைய அப்பா வருடந்தோறும் மரத்து மூடுகளில் (அடிப்பகுதிகளில்) நீற்றுச் சுண்ணாம்பு தூவியவர். அந்த மண்ணுக்கு அது சரியான மருந்து. 50 வருடம் பலித்த மருந்தை யார் சந்தேகிப்பார்கள்? பதினைந்து கிலோ வாங்கித் தூவினோம்.

மூன்று வாரத்தில் கொழுந்து வெள்ளையாகவே வந்தது. சத்து போதவில்லை என்று யூரியாவும் போட்டேன். இங்கே நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலிருக்கும் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து கிடைக்காவிட்டால் நுனிக்கொழுந்து முதலில் மஞ்சளாகும். எந்த இலை முதலில் வெளுத்தது என்று நோட்டைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். குறித்து வைப்பவன் எல்லாம் திரும்பிப் படிப்பவன் அல்ல.

மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்று தோன்றவே மே மாதக் கடைசி ஆயிற்று. டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்களைத் தந்த திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கமாகத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்த எனக்கு அதுவரை அந்த எண்ணம் வரவில்லை. மாதிரி எடுப்பது எளிது. மண்ணை ‘வி’ எழுத்துப் போல 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, வெட்டிய பக்கத்தைச் சீவி எடுக்கவேண்டும். பத்து இடத்தில் எடுத்துக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்தவேண்டும். இரண்டு மாதிரி கொடுத்தேன். பி.ஹெச். என்ற அளவு 7க்குக் கீழே இருந்தால் மண் அமிலம், மேலே இருந்தால் காரம். முன்பக்கத் தென்னை மூட்டு மண்ணின் பி.ஹெச். 5.7, காய்கறிப் பாத்தியில் 8.4. நாற்பதடி இடைவெளியில் இரண்டு நாட்டு மண். காரம் ஏற ஏற, மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போகும். பந்தி விரித்துச் சோறும் வைத்து, உண்பவன் கையைக் கட்டிவிட்ட மாதிரி.

நல்ல மண் என்று ஒரு லோடு

பரிசோதனை முடிவு வருமுன் நான் இன்னொரு காரியம் செய்துவிட்டிருந்தேன். பொறுமை இல்லாதவனுக்கு வரும் யோசனை எப்போதும் கடைச் சரக்காகத்தான் இருக்கும். மண் சரியில்லையென்றால் மேலே நல்ல மண்ணைப் போட்டுவிடலாம் என்று, மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு டெம்போ செம்மண்ணும் அரை டெம்போ மக்கிய சாணமும் இறக்கினேன். மண்ணைக் கொத்தும்போது அங்கங்கே மிளகு அளவில் வெளிர்மஞ்சள் மணிகள் கொத்துக் கொத்தாய்க் கிடந்தன. யாரோ போட்ட உரக் குருணை, ஊட்டமான மண்தான் என்று மகிழ்ந்தேன்.

அவை ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் முட்டைகள்.

ஜூன் முதல் வாரம் மழை பிடித்தது. 11ஆம் தேதி இரவு டார்ச் அடித்துப் பார்த்த அம்மா குரல் கொடுத்தாள். போய்ப் பார்த்தால் வெண்டை நாற்றில் தண்டு மட்டும் நின்றது. அன்று பொறுக்கியது 143. பெரும்பாலானவை நகத்தளவு. ஏழெட்டு மட்டும் கைக்கு அடங்காத பெரிசு. அவை வறண்ட நாட்களில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் உறங்கி, ஈரம் பட்டதும் எழுந்தவை.

இந்த நத்தை கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. 1847இல் வில்லியம் பென்சன் என்ற சிப்பி நத்தை ஆய்வாளர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். இந்தியாவில் இதன் வரலாறு அப்படித்தான் தொடங்கியது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அவருக்கும் எனக்கும் பொது. அவராவது தெரிந்தே கொண்டுவந்தார். ஒரே நத்தையில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டையிடும், வருடத்தில் பல தடவை இடும். வெறுங்கையால் தொடக் கூடாது. மனித மூளையைத் தாக்கக்கூடிய ஒருவகைப் புழு இதன் உடலிலும் கோழையிலும் இருக்கக்கூடும். கையுறை வேண்டும், பறித்த கீரையை நன்றாகக் கழுவி வேகவைக்கவேண்டும்.

இன்னொரு விஷயம் பிறகுதான் புரிந்தது. ஓடு வளர இதற்குச் சுண்ணாம்பு வேண்டும். கிடைக்காத இடத்தில் சுவரில் அடித்த வெள்ளையையே சுரண்டித் தின்னும். எங்கள் தோட்டத்திலோ அடியில் தாத்தாவின் சுவர், மேலே அம்மாவின் பதினைந்து கிலோ. வெண்டைக்குப் பகையான அத்தனையும் நத்தைக்கு விருந்தாக இருந்தது. இரண்டு தொல்லைகள் தனித்தனியே வந்தன என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். ஒன்று மற்றொன்றுக்குச் சோறு போட்டதை நோட்டின் ஓரத்தில் பின்னால் சேர்த்தேன்.

முதல் வாரத்தில் செய்த மடத்தனம், பாத்தியைச் சுற்றி உப்புத் தூவியது. நத்தை செத்தது, மழையில் உப்பு கரைந்து பாத்திக்குள் இறங்கித் தண்டங்கீரையும் கருகியது. அதைவிடப் பெரிய மடத்தனத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பொறுக்கியதில் பாதியைக் கொல்ல மனம் வராமல், மேற்குச் சுவருக்கு அப்பால் வீசிக்கொண்டிருந்தேன். அப்பால் இருப்பது அண்ணாச்சி வீடு. எங்கள் தென்னை அவர் மொட்டை மாடிப் பக்கம் சாய்ந்திருப்பதைப் பற்றிய ஒரு தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. அதனால் கை சற்றுத் தாராளமாகவே வீசியது.

எவ்வளவு வீசினாலும் எண்ணிக்கை குறையவில்லை. எட்டாம் வகுப்பில் படித்த மகள், திரும்பி வருவது பழைய நத்தைதானா என்று பார்க்கலாம் என்றாள். பன்னிரண்டு ஓடுகளில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். வீசினேன். மறுநாள் காலை எங்கள் பாத்தியில் ஒன்பது சிவப்புப் பொட்டு. நத்தைக்கு வீட்டு ஞாபகம் இத்தனை பலமா என்று வியந்து, அதற்கடுத்த விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காத்திருந்தேன். சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் வாளி.

“என்ன அண்ணாச்சி, இந்த நேரத்தில்?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சும்மா நடக்கிறேன்” என்றார்.

“வாளியோடேயா?”

“நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு நடப்பீர்களே, அதே வாளிதான்.”

இரண்டு வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது இதுதான். நான் பத்து மணிக்கு அனுப்பியதை அவர் நாலு மணிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நடுவில் ஆறு மணி நேரம் அவர் தோட்டத்தில் தின்றுவிட்டு வந்திருக்கின்றன.

அன்று மாலை தெருவில் ஆறு வீட்டுக்காரர்களும் எங்கள் திண்ணையில் கூடினோம். நத்தை என் வீட்டு மண்ணில்தான் வந்தது என்பதை நான் ஒப்புக்கொண்டேன். வேண்டாத வேலை என்று மனைவி கண்ணைக் காட்டினாள். ஆனால் அதைச் சொன்ன பிறகுதான், யார் கொண்டுவந்தது என்ற பேச்சு நின்று, எப்படி ஒழிப்பது என்ற பேச்சு தொடங்கியது. நனைத்த சாக்கை விரித்து அதன் மேல் பப்பாளி இலையும் முட்டைகோஸ் இலையும் போட்டு வைத்தால் நத்தைகள் அங்கே வந்து கூடும். ஆறு வீட்டிலும் ஒரே நேரத்தில், இரவு ஒன்பது மணிக்கு, சாக்கை உதறிப் பொறுக்கி உப்புக் கரைசல் வாளியில் போடவேண்டும். செத்ததை ஆழக் குழியில் புதைக்கவேண்டும். 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு லிட்டராகும்வரை கொதிக்கவைத்து, 60 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் கலந்து தெளிக்கும் முறை கேரளத்திலும் பழக்கத்தில் உள்ளது. அதைச் சுவர்களிலும் கழிவுக் குவியலிலும் மட்டும் அடித்தோம். தின்னும் கீரையில் அடிக்கவில்லை.

நோட்டின் கணக்கு: எங்கள் வீட்டில் முதல் வாரம் 611, ஐந்தாம் வாரம் 58. அக்டோபர் மழையில் மறுபடி தலை தூக்கியது, ஆனால் ஒரு வாரத்தில் 40ஐத் தாண்டவில்லை. அடியோடு ஒழிக்க முடியவில்லை, முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

காற்று

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜூலை 19 பிற்பகல் பாவல் பந்தலின் மேல் கட்டியிருந்த நிழல்வலை, பாய்மரம் போலப் புடைத்து, நான்கு கம்பையும் பிடுங்கிக்கொண்டு பறந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று தெரிந்தவன்தான் அம்மியைவிட லேசான ஒன்றை அங்கே கட்டினேன். வலை அண்ணாச்சியின் மொட்டை மாடியில் போய் விழுந்தது. ஒரு மாதம் முன்பு விழுந்திருந்தால் அது வழக்காகியிருக்கும். அவர் மடித்து எடுத்துவந்து கொடுத்துவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனார்.

முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இது. தகரம் வைத்து மறைத்தால் காற்று தகரத்துக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று இறங்கிச் செடியை முறிக்கும். பாதி இடைவெளி உள்ள தடுப்புதான் காற்றைச் சலித்து அனுப்பும். மேற்கு ஓரத்தில் கிளைரிசிடியா மரத்தின் போத்துகளை (நடும் கிளைத் துண்டுகளை) நெருக்கமாக நட்டோம், முன்னால் ஒரு வரிசை மரச்சீனி (மரவள்ளி). கிளைரிசிடியா வெட்ட வெட்டத் துளிர்க்கும், தழை உரமாகும்.

அந்த வருட நோட்டைப் படித்தால் ஒன்று வெட்கமாக இருக்கிறது. நான் அதிகம் புலம்பி எழுதியிருப்பது காற்றைப் பற்றித்தான், நான்கு பக்கம். கட்டடக் கழிவைக் கொட்டச் சொன்னவன் நான், சுண்ணாம்பு எங்கள் வீட்டு யோசனை, நத்தை நான் பணம் கொடுத்து வாங்கியது, உப்பு என் கையால் தூவியது. கதவைத் தட்டாமல் தானாக வந்தது காற்று ஒன்றுதான். அதுவும் வருடா வருடம் சொல்லிவிட்டு வருகிறது.

அம்மாவிடம் சொன்ன விதம்

பரிசோதனைத் தாளை அம்மாவிடம் காட்டத் தயங்கினேன். நீ சொன்ன சுண்ணாம்பால்தான் கெட்டது என்று அதில் அச்சடித்தாற்போல இருந்தது. 71 வயதில் ஒருத்திக்குக் கைவசமிருக்கும் சொத்து அவளுக்குத் தெரிந்தவைதான். அதில் ஒன்றைக் கள்ளநோட்டு என்று சொல்வது எளிதல்ல. காரம், அமிலம் என்று விளக்கப் போனேன். “என் அப்பாவுக்கு வராத காரமா?” என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்டில் குலசேகரத்திலிருந்து மாமா வந்தபோது ஒரு பை மண் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒன்றில் அவள் ஊர் மண், மற்றதில் எங்கள் பாத்தி மண். இரண்டின் மேலும் வினிகர் ஊற்றினேன். மலை மண் சும்மா கிடந்தது. எங்கள் மண் சோடா போல நுரைத்துச் சீறியது. மண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் இப்படிப் பொங்கும்.

அம்மா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மலை மண்ணை விரலால் எடுத்து நசுக்கினாள், முகர்ந்தாள்.

“இது எங்கள் மண். இதற்குச் சுண்ணாம்பு வேண்டும்,” என்றாள். நுரைத்த தட்டைத் தள்ளி வைத்தாள். “இது மண்ணே இல்லை மக்களே. இது உன் தாத்தா வீடு.”

அதற்கப்புறம் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை. வேலைத் திட்டத்தையும் அவளே போட்டாள். மூன்று பாத்திகளில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி 40 கூடை கழிவை வெளியேற்றினோம். தென்னை மூட்டுப் பக்கத்து மண், சாணம், கிளைரிசிடியா தழை, ஊறவைத்த கதம்பல் (தேங்காய் மட்டை) ஆகியவற்றை நிரப்பினோம். இந்தமுறை வெளியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணும் வாங்கவில்லை. கறிவேப்பிலைக்கு லிட்டருக்கு ஐந்து கிராம் இரும்பு சல்பேட்டும் சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்து இலையில் தெளித்தோம். மூன்றாவது தடவையில் கொழுந்து பச்சை கண்டது. மீதி இடத்தைச் சரிசெய்யவே முயலவில்லை. அங்கே முருங்கையும் பிரண்டையும் வைத்தோம், இரண்டும் கல்லுக்கு அஞ்சாதவை. முன்பக்கம் 5.7 மண்ணில் இரண்டு மட்டி வாழை. 2023இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த வாரத்தில்தான் எங்கள் முதல் குலையும் வெட்டினோம். அம்மா அதைத் தற்செயல் என்று ஏற்கவே இல்லை.

2022 டிசம்பர் 31 வரை செலவு 11,340 ரூபாய், பறித்த காய்கறி 31 கிலோ. கிலோவுக்கு 365 ரூபாய்க்கு மேல் விழுகிறது. வடசேரிச் சந்தையில் அந்தப் பணத்துக்கு வீடு நிறைய வாங்கியிருக்கலாம். அடுத்த வருடம் செலவு 2,100, விளைச்சல் 94 கிலோ. தென்னைத் தகராறு இன்னும் தீரவில்லை. அண்ணாச்சியும் நானும் அதைப் பற்றி இப்போது உட்கார்ந்து சண்டை போடுகிறோம்.

தோண்டிய கழிவில் ஒரு துண்டுச் சுவர் கிடைத்தது. தாத்தா காலத்து நீலம் கலந்த சுண்ணாம்புப் பூச்சு அதில் அப்படியே இருந்தது. சமையலறைச் சுவர் என்றாள் அம்மா, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் எடுத்து வைத்துக்கொண்டாள். இந்த ஜூனில் முதல் மழை பெய்த இரவு டார்ச்சோடு போனோம். அந்த நீலத்தின் மேல் ஒரு நத்தை சாவகாசமாக ஏறி நின்று சுரண்டிக்கொண்டிருந்தது. அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு அதை எடுத்து வாளியில் போட்டாள்.

“நாலு,” என்றாள். நான் குறித்துக்கொண்டேன்.